ஒரு பைப், இரண்டு சாவி

இந்தப் பக்கம் எழுதி ரொம்ப நாளாச்சு. மார்ச் முடிந்தால் ஏப்ரல், ஏப்ரல் முடிந்தால் ஆடிட் என்று பேங்க் வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கிறது. கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து பதினோரு வருஷம். இந்த ஊரின் மழை, மீன் வாசனை, சாயங்கால நேரத்து 'அட்டா' எல்லாம் பழகிவிட்டது. பழகாத ஒன்று பிரேக் பிடிக்காத கார். அந்த அனுபவமும் போன ஜூலையில் கிடைத்துவிட்டது.

வண்டி 2004 மாடல் மாருதி 800. ரிடையர் ஆகி ஊருக்குப் போன ஒரு சீனியர் ஆபீசரிடம் வாங்கியது. பதினைந்து வருஷம் முடிந்ததும் மறுபதிவு செய்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தங்கமணிக்கு அந்த வண்டி மேல் கோபம், எனக்குப் பாசம். பெண்ணுக்கு வெட்கம் (ஸ்கூல் வாசலுக்கு ஐம்பதடி முன்னாலேயே இறங்கிக்கொள்வாள்).

ஞாயிற்றுக்கிழமை. லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய், சின்ன வெங்காயம், இட்லி அரிசி எல்லாம் வாங்கிக்கொண்டு கரியாஹாட் மேம்பாலத்தில் வருகிறோம். இறக்கத்தில் முன்னால் ஒரு மினிபஸ் சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். வழக்கமான இடத்தில் அது பிடிக்கவில்லை. கால் இறங்கிக்கொண்டே போகிறது. 'இனி இறங்க இடமில்லை' என்று நினைத்த நேரத்தில், கிட்டத்தட்ட தரை மட்டத்தில், ஏதோ ஒன்று தடுத்து இறுகியது. வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே நின்றது. மினிபஸ்ஸின் பின்பக்கத்துக்கும் என் பானெட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கலாம். பின்சீட்டில் பெண் காதில் எதையோ மாட்டிக்கொண்டு பாட்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. தங்கமணிக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வண்டியை ஓரம் கட்டிக் குனிந்து பார்த்தேன். பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால், வண்டியின் அடிவயிற்றில், சொட்டுச் சொட்டாக எண்ணெய்.

இப்போது ஒரு வாக்குமூலம். அந்தச் சொட்டு அன்றைக்குத் தொடங்கியதில்லை. இரண்டு மாதமாக பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் குறைந்துகொண்டே வந்தது எனக்குத் தெரியும். குறையும்போதெல்லாம் கொஞ்சம் ஊற்றி நிரப்பினேன். 'பழைய வண்டி, அப்படித்தான் குடிக்கும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேங்கில் இதற்கு ஒரு பெயர் உண்டு. வாராக்கடனை வாராக்கடன் என்று ஒத்துக்கொள்ளாமல், பழைய பாக்கியை அடைக்கப் புதுக் கடன் கொடுத்துக் கணக்கைப் பச்சையாக வைத்திருப்பது. எவர்கிரீனிங். அடுத்தவன் செய்தால் பக்கம் பக்கமாக நோட் எழுதுகிற நான், என் பெண்டாட்டி பிள்ளை உட்காரும் வண்டியில் அதையேதான் இரண்டு மாதம் செய்திருக்கிறேன். பிரேக் ஆயில் மூடிய குழாய்க்குள் இருப்பது. பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது. பிரேக் கட்டை தேயத் தேய மட்டம் மெதுவாக, ஒரு அளவுக்கு இறங்கலாம். ஊற்ற ஊற்றக் குறைந்தால் எங்கேயோ ஓட்டை என்று அர்த்தம். வேறு அர்த்தமே கிடையாது.

சரி, கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன்.

1988, மே மாதம். எனக்கு எட்டு வயசு. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வாடகை அம்பாசடரில் போயிருந்தோம். பழைய மார்க் 2 வண்டி. அப்பா, அம்மா, பாட்டி, அத்தை, நாங்கள் மூன்று பசங்க. திரும்பி வரும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியிருப்போம். டிரைவர் அண்ணன் திடீரென்று பேச்சை நிறுத்தினார். காலால் பட் பட்டென்று மிதிக்கிறார். கியரை இறக்கினார், மறுபடி இறக்கினார், வண்டி அலறியது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே வண்டியை மலைப்பக்கத்து வாய்க்காலில் இறக்கி, பாறையில் உரசி நிறுத்தினார். பாட்டி எல்லா சாமியையும் கூப்பிட்டு முடித்திருந்தாள். டிரைவர் அண்ணன் கீழே இறங்கி பீடி பற்ற வைக்கப் பார்த்தார், கை நடுக்கத்தில் மூன்று தீக்குச்சி வீணானது. அப்பாவிடம் சொன்னது மட்டும் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

"ஒரே பைப்புதான் சார். அது போச்சுன்னா நாலு சக்கரமும் போச்சு."

அன்றைக்கு அம்பாசடரில் நாலு சக்கரமும் போனது. போன ஜூலையில் என் மாருதியில் பாதி பிரேக் மிச்சம் இருந்தது. ஏன்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, வண்டி வாசலில் படுத்துக் கிடந்த ஒரு வாரமும் படித்தேன். பி.காம் படித்தவனுக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மெக்கானிக்கல் இன்ஜினியர் நண்பர்கள் மன்னிக்கவும்.

ஆரம்பத்தில் கார்களுக்கு பிரேக் பைப்பே கிடையாது. பெடலிலிருந்து சக்கரம் வரைக்கும் இரும்புக் கம்பி, இல்லையென்றால் கேபிள், சைக்கிள் பிரேக் மாதிரி. பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் பிரேக். நாலு சக்கரத்துக்கும் கம்பி கொடுத்தால் நாலும் ஒரே அளவில் இழுக்க வேண்டும். ஒரு கம்பி கொஞ்சம் தளர்ந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும், முன்சக்கரம் திரும்பும். இதையெல்லாம் தாண்டிக் கம்பி சமமாக இழுப்பது பெரும்பாடு.

இதற்குத் தீர்வு சுமார் இருநூற்றைம்பது வருஷமாகப் புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. பிரான்ஸ் நாட்டு பாஸ்கல் 1662-ல் இறந்தார். அடுத்த வருஷம் வெளிவந்த அவருடைய நூலில் விஷயம் இருக்கிறது. மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் போய்ச் சேரும். நாம் எட்டாவதில் படித்து, பரீட்சை எழுதி, மறந்துபோன அதே விதிதான். கம்பிக்குப் பதில் குழாய், குழாய்க்குள் எண்ணெய் என்று வைத்துவிட்டால் நாலு சக்கரத்துக்கும் சம அழுத்தம் தானாகவே கிடைத்துவிடும்.

இதைக் காருக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவைச் சேர்ந்த மால்கம் லாக்ஹீட். ஆமாம், விமானம் செய்த அதே லாக்ஹீட் சகோதரர்களில் ஒருவர். ஹைட்ராலிக் பிரேக்குக்கு 1917-ல் காப்புரிமை வாங்கினார். 1919-ல் விமானத் தொழிலைத் தம்பியிடம் விட்டுவிட்டு இதற்காகவே டெட்ராய்ட் போனார். 1921-ல் டூசன்பர்க் கம்பெனி நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் வைத்த காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே வருஷம் பிரான்சில் நடந்த கிராண்ட் பிரி பந்தயத்தில் ஹைட்ராலிக் பிரேக் போட்ட ஒரு டூசன்பர்க் ஜெயித்தது. பந்தயத்தில் ஜெயிக்க வேகம் மட்டும் போதாது, வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கவும் தெரிய வேண்டும் அல்லவா? 1924-ல் கிரைஸ்லர் இந்த பிரேக்கை இன்னும் பரவலாகக் கொண்டுவந்தார்கள். லாக்ஹீடின் ஆரம்ப வடிவத்தில் இருந்த தோல் வளையங்கள் ஒழுகின. கிரைஸ்லரின் இன்ஜினியர்கள் ரப்பர் வளையம் வைத்துச் சரிசெய்தார்கள்.

கவனியுங்கள், முதல் நாளிலிருந்தே பிரச்சினை இந்த ஒழுகல்தான்.

அதனால்தான் ஹென்றி ஃபோர்டு கடைசிவரை சம்மதிக்கவில்லை. ஊரே எண்ணெய்க் குழாய்க்கு மாறிய பிறகும் அவருடைய கார்களில் இரும்புக் கம்பிதான். பெடலிலிருந்து சக்கரம் வரைக்கும் எஃகு என்பதையே பெருமையாக விளம்பரம் செய்தார்கள். 1939 மாடலில்தான் ஃபோர்டு ஹைட்ராலிக்குக்கு வந்தது. இதைப் பிடிவாதம் என்று சிரிக்கலாம். ஆனால் ஏற்காடு மலையில் வாய்க்காலில் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்குச் சிரிக்க வரவில்லை. கம்பி ஒன்று அறுந்தால் ஒரு சக்கரம் போகும். குழாய் ஒன்று ஓட்டையானால் எண்ணெய் முழுக்க அந்த வழியே போய்விடும், நாலு சக்கரமும் சேர்ந்து போகும். எல்லாப் பக்கமும் சம அழுத்தம் என்ற பாஸ்கலின் வரம், ஓட்டை விழுந்தால் எல்லாப் பக்கமும் சமமாக ஒன்றுமில்லை என்ற சாபமாக மாறுகிறது. ஹென்றி ஃபோர்டு சொன்ன தீர்வு தப்பு. அவர் பயந்த விஷயம் சரி.

அப்படியானால் அந்தக் குழாய் எவ்வளவு நம்பகமாக இருக்க வேண்டும்? ஒரு சின்னக் கணக்கு. பெடலில் 20 கிலோ அழுத்துகிறீர்கள். பெடலின் நெம்புகோல் அதை ஐந்து மடங்காக்குகிறது, 100 கிலோ. அது 3 சதுர செ.மீ. பரப்புள்ள பிஸ்டனைத் தள்ளினால் ஒரு சதுர செ.மீ.க்கு 33 கிலோ. உங்கள் டயரில் இருக்கும் காற்று சுமார் 2 கிலோ. அதாவது டயரைப் போலப் பதினைந்து மடங்குக்கு மேல் அழுத்தம், பென்சிலைவிட ஒல்லியான ஒரு குழாய்க்குள். பதறிப்போய் மிதித்தால் இன்னும் அதிகம்.

இந்தக் குழாயின் வெளி விட்டம் பெரும்பாலான கார்களில் 4.75 மி.மீ., பழைய கணக்கில் ஒரு அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு. சும்மா ஒரு தகட்டைச் சுருட்டி ஒட்டியது இல்லை. 1920-களில் டெட்ராய்ட்டில் பண்டி என்ற கம்பெனி கொண்டுவந்த முறை அது. எஃகுத் தகட்டில் செம்பு பூசி, அதை இரண்டு சுற்றாகச் சுருட்டி, உலையில் வைப்பார்கள். செம்பு உருகி இரண்டு சுற்றையும் ஒன்றாகப் பற்றவைத்துவிடும். ஜிகர்தண்டா ஸ்ட்ரா மாதிரி தெரியும் அந்தக் குழாய்க்குள் இரண்டு சுவர் இருக்கிறது. உள்ளேயிருந்து வரும் அழுத்தத்தை அது அசராமல் தாங்கும்.

ஆனால் துரு வெளியிலிருந்து வருகிறது. வெளிப்பூச்சு கல்லடி பட்டு உரிந்த இடத்தில், அல்லது குழாயை பாடியோடு பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில் சேறு தங்கும் இடத்தில், மெதுவாகத் தின்ன ஆரம்பிக்கும். பனி கொட்டும் நாடுகளில் ரோட்டில் உப்புத் தூவுவார்கள், அங்கே இது பெரிய தலைவலி. ஸ்வீடனின் வால்வோ கம்பெனி 1976-லேயே எஃகை விட்டுவிட்டு செம்பு-நிக்கல் கலவைக் குழாய்க்கு மாறியது. பத்துப் பங்கில் ஏறத்தாழ ஒன்பது பங்கு செம்பு, ஒரு பங்கு நிக்கல். கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்குச் செம்பு-நிக்கல் புதுசில்லை. 80-களின் ஒரு ரூபாய் நாணயம் அந்த இனம்தான் (பங்கு விகிதம் வேறு). எத்தனை கைபட்டும் துரு என்று ஒன்றை அதில் பார்த்திருக்கிறீர்களா?

அமெரிக்காவில் எஃகுக் குழாய் தொடர்ந்தது. 1999 முதல் 2003 வரை வந்த ஏறத்தாழ 50 லட்சம் ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப், எஸ்.யூ.வி. வண்டிகளில் பிரேக் பைப் துருப்பிடிப்பதைப் பற்றி அந்த நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு வருஷக்கணக்கில் விசாரித்தது. 2015 ஏப்ரலில் விசாரணையை முடித்தபோது வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. வயசான வண்டிகளில் வரும் தேய்மானம் இது, அடிப்பாகத்தைக் கழுவுங்கள், துரு தெரிந்தால் குழாயை மாற்றுங்கள் என்று சொந்தக்காரர்களுக்கு அறிவுரை சொன்னார்கள். கொல்கத்தாவில் பனியும் கிடையாது, ரோட்டு உப்பும் கிடையாது. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் தெருவில் முழங்கால் தண்ணீர். அதில் நீந்திப் போன வண்டியின் அடிவயிற்றை யார் கழுவினார்கள்? நான் கழுவவில்லை.

இப்போது முக்கியக் கேள்வி. குழாய் என்றைக்காவது போகும் என்று தெரிந்த பிறகு என்ன செய்தார்கள்?

இரண்டாகப் பிரித்தார்கள். அவ்வளவுதான். ஒரே சிலிண்டருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிஸ்டன், ஆயில் டப்பாவுக்குள் நடுவில் ஒரு தடுப்பு, இரண்டு தனித்தனிக் குழாய் வழி. ஒரு வழியில் ஓட்டை விழுந்தால் அந்தப் பக்கத்துப் பிஸ்டன் எதிர்ப்பே இல்லாமல் முட்டுகிற இடம் வரைக்கும் ஓடும். அதனால்தான் பெடல் பாதாளத்துக்குப் போகிறது. முட்டிய பிறகு அடுத்த பிஸ்டன் வேலை செய்யும், மிச்சமுள்ள வழியில் பிரேக் பிடிக்கும். 1962 மாடல்களில் காடிலாக்கும் ராம்ப்ளரும் அமெரிக்காவில் இதை வைத்தார்கள். 1966-ல் வந்த வால்வோ 144 இன்னும் ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு வழியும் இரண்டு முன்சக்கரத்தையும் ஒரு பின்சக்கரத்தையும் பிடிக்கும்படி அமைத்தார்கள். ஒரு வழி போனாலும் மூன்று சக்கரத்தில் பிரேக் இருக்கும். 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு புதுக் காரிலும் இரட்டை வழி கட்டாயம் என்று சட்டமே வந்துவிட்டது.

நம் நாட்டில் 50-களின் வடிவங்கள் ரொம்ப காலம் ஓடின. அம்பாசடரின் மூலம் 1956-ன் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ். ஏற்காட்டில் எங்களை ஏற்றிப்போன மார்க் 2 அந்தப் பரம்பரை, ஒற்றை வழி. 1962-ல் நம் சென்னை பாடியில் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கினார்கள். பிரேக் பாகங்களை இங்கேயே செய்யும் தொழில் அப்படி வேர் விட்டது. 1983 டிசம்பரில் குர்கானில் முதல் மாருதி வெளியே வந்தது. அந்த வம்சத்தில் வந்த என் 2004 மாடலில் இருப்பது இரட்டை வழி. கரியாஹாட் மேம்பாலத்தில் என் காலுக்கடியில் கடைசியில் இறுகியது அந்த இரண்டாவது பிஸ்டன்தான்.

படித்து முடித்தபோது எனக்கு பேங்க் ஸ்ட்ராங் ரூம் ஞாபகம் வந்தது. இரண்டு சாவி, இரண்டு பேர். கேஷியர் ஒருவர், ஆபீசர் ஒருவர். தனியாக யாராலும் திறக்க முடியாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது, 'என்னை நம்ப மாட்டீர்களா' என்று ரோஷம் வந்தது. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, உன்னை நம்பாததால இல்லை. நீயும் மனுஷன்தானே, ஒருநாள் தப்பு பண்ணுவே, அன்னிக்கு உன்னைக் காப்பாத்தத்தான் இந்த ரெண்டாவது சாவி" என்றார். அப்போது புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

சரி, பைப் மாற்றிய கதைக்கு வருகிறேன். நான்கு வரியில் முடித்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன் :-)

எங்கள் தெரு மெக்கானிக்கை 'தாதா' என்று கூப்பிடுவோம் (இங்கே அதற்கு அண்ணன் என்று அர்த்தம், பயப்பட வேண்டாம்). வண்டியைக் கயிறு கட்டி வீட்டு வாசலுக்கு இழுத்து வந்தாயிற்று. மழைக்காலத்தில் அவருக்குக் கை நிறைய வேலை. "பழைய பைப்பை நீயே கழற்றிக் கொண்டுவா, புதுசு போட்டு வை, கடைசியில் நான் வந்து பார்க்கிறேன். நான் பார்க்காமல் தெருவைத் தாண்டக் கூடாது" என்று நிபந்தனை போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் களத்தில் இறங்கினேன்.

வண்டியைத் தூக்கியதும் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. இரும்பு ஸ்டாண்டு வாடகைக்கு எடுத்து வைத்தேன். செங்கல் அடுக்குவது வேண்டவே வேண்டாம், அது பொடிந்துவிடும். பைப்பின் இரண்டு முனையிலும் இருக்கும் நட்டுகள் துருவில் ஒட்டிப்போயிருந்தன. முந்தின ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஊற வைத்திருந்தேன். சாதா ஸ்பேனர் போட்டால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும், பைப் நட்டுக்கென்றே இருக்கும், நட்டைச் சுற்றிப் பிடிக்கிற ஸ்பேனர் வேண்டும். ஒரு நட்டு மரியாதையாக வந்தது. இன்னொன்று வரவே இல்லை. பைப்பையே வெட்டிவிட்டு ஆறு மூலை சாக்கெட் போட்டு எடுத்தேன். பைப் வெளியே வந்ததும் கிளிப் இருந்த இடத்தில் விரலால் தேய்த்தேன். பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. குண்டூசி நுழையும் அளவுக்கு ஓட்டை. இவ்வளவுதான். மூன்று பேர் உயிர் இந்தக் குண்டூசி ஓட்டையில் இருந்தது.

பழைய பைப்பைப் பாம்பு மாதிரிக் கையில் பிடித்துக்கொண்டு மல்லிக் பஜார் போனேன். பார்க் ஸ்ட்ரீட் முனையில் இருக்கும் பழைய கார் பாகங்களின் சமுத்திரம் அது. முதல் கடைக்காரர் ஏ.சி.க்குப் போடும் வெறும் செம்புக் குழாயைப் பளபளவென்று எடுத்து நீட்டினார். துருவே பிடிக்காதாம், கையால் வளைக்கலாமாம், விலையும் கம்மி. வெறும் செம்பு அதிர்வில் இறுகி விரிசல் விடும் என்று அந்த வாரம்தான் படித்திருந்தேன். வேண்டாம் என்றேன். செம்பு-நிக்கல் தேடினேன், அன்றைக்குக் கிடைக்கவில்லை. பிரேக்குக்கென்றே வரும் பூச்சுப் போட்ட இரட்டைச் சுவர் எஃகுக் குழாய் கிடைத்தது. பழைய பைப்பின் அளவுக்கு வெட்டி, நட்டை மாட்டி, முனையை மெஷினில் இரண்டு மடிப்பாக விரித்துக் கொடுத்தார்கள். இந்த மடிப்புதான் உள்ளே போய் உட்கார்ந்து ஒழுகாமல் அடைப்பது. முனையின் வடிவம் பழையதைப் போலவே இருக்க வேண்டும். ஏறக்குறைய இருந்தால் போதாது.

வளைவுகளைப் பழைய பைப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரு பாட்டிலின் மேல் வைத்து மெதுவாக வளைத்தேன். ஒரு இடம் நசுங்கினாலும் அந்த பைப் குப்பைக்குத்தான் (ஒன்று போனது, இரண்டாவது தடவை மறுபடி மல்லிக் பஜார்). இரண்டு நட்டையும் முதலில் கையால் மரையேற்றி, அப்புறம் ஸ்பேனர். கிளிப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து பெயின்ட் அடித்து மாட்டினேன்.

அடுத்தது காற்று எடுப்பது. பைப்பைத் திறந்ததும் உள்ளே காற்று போயிருக்கும். எண்ணெயை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். அது இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி இருக்கும். இந்த வேலைக்கு எங்கள் முறையில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிளைத் திறந்து மூட. தங்கமணி ஒரு வாரமாகச் சரியாகப் பேசாத நேரம். கூப்பிடத் தயங்கினேன். அவளாகவே வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, "என்னங்க, மிதிக்கணுமா?" என்றாள்.

"மிதி... பிடிச்சுக்கோ." நிப்பிளைத் திறந்தால் குழாய் வழியாகக் குமிழ் குமிழாகப் பாட்டிலுக்குள் வரும். மூடின பிறகு, "இப்ப விடு." நான் மூடுவதற்கு முன்னால் அவள் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். அவள் மிதிக்காமல் நான் திறந்தாலும் பிரயோஜனமில்லை. பெண் பானெட்டைத் திறந்து டப்பாவில் மட்டம் குறையாமல் புது ஆயில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஒருமுறை அது தீர்ந்தால் எல்லாம் முதலிலிருந்து. ஆயிலைப் பற்றி அவளுக்கு ஒரு சின்ன லெக்சர் வைத்தேன். அந்தக் காலத்தில் விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்து ஊற்றினார்கள், இப்போது வருவது வேறு ரசாயனம், காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும், அதனால் திறந்து வைத்த பழைய பாட்டிலை ஊற்றக் கூடாது என்றெல்லாம். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம் என்றேன். "அப்பா, கையில பட்டதைத் துடைங்க, பெயின்ட் உரியுது" என்றாள். உண்மைதான், பம்பரில் ஒரு சொட்டு விழுந்திருந்தது.

மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கும் இடது பின்சக்கரத்திலிருந்து தொடங்கி நாலு சக்கரமும் முடிக்க ஒன்றரை மணி நேரம். பெடல் கல் மாதிரி நின்றது. தங்கமணியை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

சாயங்காலம் தாதா வந்தார். என் வேலையைப் பார்த்து, "நட்டு இன்னும் கால் சுற்று" என்று ஒரு முனையை இறுக்கினார். நான் போதும் என்று விட்ட முனை அது. எனக்குச் சுருக்கென்றது. பேங்கில் ஒருவர் என்ட்ரி போட, இன்னொருவர் சரிபார்த்துப் பாஸ் பண்ணுவதை இருபது வருஷமாகச் செய்கிறவன் நான். தாதா வராமல் இருந்திருந்தால் அந்தக் கால் சுற்றை யார் கண்டுபிடித்திருப்பார்கள்?

பிறகு அவர் பழைய ஆயில் டப்பாவை எடுத்துக் காட்டினார். நடுவில் அந்தத் தடுப்பு. ஒரு பக்கம் அடிமட்டம் வரை காலியான கறை, இன்னொரு பக்கம் அப்படியில்லை. அந்தத் தடுப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹென்றி ஃபோர்டின் பயம், மலைப்பாதையில் பெயர் தெரியாத எத்தனையோ டிரைவர்களின் நடுக்கம், இன்ஜினியர்களின் யோசனை, சட்டம் எல்லாம் சேர்ந்து ஒரு இன்ச் பிளாஸ்டிக் சுவராக அங்கே நின்றுகொண்டிருந்தது. ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. இரண்டாவது வழி இருப்பது ஓரம் கட்டுவதற்கு. அதை நம்பி இரண்டு மாதம் ஓட்டுவதற்கு இல்லை.

ராத்திரி சேலத்துக்கு போன் போட்டு அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். ஏற்காடு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "மறக்குமா? அந்த டிரைவருக்கு அன்னிக்கு வாடகையோட சேர்த்து நூறு ரூபா கொடுத்தேன். வாங்க மாட்டேன்னுட்டான். 'காலையிலேயே பெடல் கொஞ்சம் இறங்குச்சு சார், சாயங்காலம் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்'னு சொல்லி அழுதான்" என்றார்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் இதை அப்பா என்னிடம் சொன்னதில்லை. நானும் டப்பாவில் ஊற்றி ஊற்றி ஓட்டிய இரண்டு மாதத்தை அவரிடம் சொல்லாமல்தான் கதையை ஆரம்பித்திருந்தேன். சொன்னேன். கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை. "குழந்தை பின்சீட்டுலயா இருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது தினமும் ராத்திரி வண்டிக்கடியில் ஒரு பழைய அட்டைப்பெட்டியை விரித்துப் போடுகிறேன். காலையில் ஆபீஸ் கிளம்பும் முன் அதைப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறேன். தங்கமணியும் பார்க்கிறாள், நான் பார்த்ததற்கு அப்புறம், தனியாக. நான் ஒன்றும் சொல்வதில்லை.

பி.கு: பத்து வருஷத்துக்கு மேல் ஆன வண்டி வைத்திருக்கும் அன்பர்கள், அடுத்த சர்வீஸில் வண்டியை லிஃப்டில் ஏற்றும்போது நீங்களும் கூடவே அடியில் போய் பிரேக் பைப் முழுநீளத்தையும் பாருங்கள், முக்கியமாக கிளிப் இருக்கும் இடங்களை. பைப்பை வீட்டில் நீங்களே மாற்றினாலும், தெரிந்த ஒருவர் கண்ணில் காட்டாமல் தெருவில் இறக்காதீர்கள். ஆயில் மட்டம் குறைந்தால் முதலில் குனியுங்கள், அப்புறம் ஊற்றலாம்.